ஐஸ் ஹொக்கியில் பின்கள வீரர் ஆவது: கேள்வி பதில்

திருகோணமலையில் கனடாவுக்குத் தொலைபேசி எடுக்காத வீடு குறைவு. அங்கே உள்ள பிள்ளைகள் ஐஸ் ஹொக்கி மட்டையைத் தூக்கியதும் இங்கே பெரியம்மாக்களுக்கும் மாமாக்களுக்கும் கேள்வி பிறந்துவிட்டது. ஸ்காபரோவில் ஓர் அரங்கில் ஸ்கேட்ஸ் தீட்டுவதும் பிள்ளைகளின் அணிகளுக்குச் சாமான் பார்ப்பதுமாக இருந்துவிட்டு ஊர் திரும்பியவன் என்பதால் எல்லாம் என்னிடம் வந்து சேர்ந்தன. பின்கள வீரர்களைப் பற்றிக் கேட்டவற்றை மட்டும் இங்கே எடுத்திருக்கிறேன்.

உவர்மலை, உயர்தர மாணவன்: அண்ணா, நான் ஏகாம்பரம் மைதானத்தில் பின்களத்தில் கால்பந்து விளையாடுகிறேன். ஐஸ் ஹொக்கியிலும் பின்கள வீரருக்கு அதே வேலைதானா?

பாதி வேலைதான் அதே, தம்பி. களத்தில் ஒரு பக்கத்துக்கு ஆறு பேர்: கோல்காப்பாளர், முன்களத்தில் மூவர், பின்களத்தில் இருவர். ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே ஆள் மாற்றுவார்கள். 40, 45 விநாடி ஓடிவிட்டு ஒருவர் வெளியேற, அடுத்தவர் வேலி தாண்டிக் குதிப்பார். ஓர் ஆட்டத்துக்கு வழக்கமாக ஆறு பின்கள வீரர்கள், அதாவது மூன்று சோடி. ஆட்டத்தின் 60 நிமிடத்தில் முதல் சோடிக்கு 25 வரை கிடைக்கும், மூன்றாவது சோடிக்கு 15 கிடைத்தாலே பெரிது.

எதிரணி பக்கை (பந்துக்குப் பதிலான ரப்பர் வட்டு) மூலைக்கு அடித்துவிட்டுத் துரத்திக்கொண்டு வருகிறது என்று வையுங்கள். நம்மவர் அவர்களுக்கு முதுகு காட்டிக்கொண்டு அதை எடுக்க ஓட வேண்டும். பக்கை எட்டுமுன் இடது தோளுக்கு மேலால் ஒரு பார்வை, வலது தோளுக்கு மேலால் இன்னொன்று. எத்தனை பேர் வருகிறார்கள், எந்தப் பக்கத்தால்? அந்த நேரம் சோடிக்காரரும் கோல்காப்பாளரும் கத்துவார்கள். "வீல்" என்றால் பக்கோடு வலையைச் சுற்றி ஓடு. "ரிவர்ஸ்" என்றால் வந்த வழியே திருப்பி விடு. "ஓவர்" என்றால் மற்றப் பக்கத்துக்குக் கடத்து. எல்லாம் இரண்டு விநாடிக்குள். பார்க்காமல் போனவரைக் கண்ணாடிச் சுவரோடு சேர்த்து அறைந்துவிட்டுப் போவார்கள். நல்ல பயிற்சியாளர் சின்னப் பிள்ளையிடம் முதலில் தேடுவது அந்தத் தோள் பார்வையைத்தான். எவ்வளவு வேகமாக அடிக்கிறான் என்பதெல்லாம் அப்புறம்.

நகரத்திலிருந்து ஒரு பெரியம்மா: என் பெறாமகனுக்கு ஒன்பது வயது. முன்னுக்கு விளையாடினவனைப் பின்னுக்குப் போட்டுவிட்டார்களாம். திறமை இல்லை என்றுதானே அர்த்தம்? தங்கச்சி அழுகிறாள்.

அழ வேண்டாம் என்று சொல்லுங்கள் அக்கா. பின்னோக்கி நன்றாக ஸ்கேட் பண்ணுகிற பிள்ளையைத்தான் பின்களத்துக்கு எடுப்பார்கள். என்.எச்.எல். என்கிற வட அமெரிக்காவின் மேல்தரத் தொழில்முறை லீக்கில், பிரென்ட் பேர்ன்ஸ் என்பவரை 2003இல் மினசோட்டா அணி எடுத்தது முன்கள வீரராக. பிறகு பின்களத்துக்கு மாற்றினார்கள், இடையில் சான் ஹோசேயில் முன்னுக்குப் போனார், மறுபடி பின்னுக்கு வந்தார். 2017இல் சிறந்த பின்கள வீரருக்கான நோரிஸ் கிண்ணம் அவருக்குத்தான். கோல் அடிக்க வாய்ப்பில்லையே என்று தங்கச்சி சொன்னால் பொபி ஓரைப் பற்றிச் சொல்லுங்கள். பின்களத்தில் நின்றபடியே 1970இலும் 1975இலும் லீக் முழுவதிலும் அதிக புள்ளி (அடித்த கோலும் கோலுக்குக் கொடுத்த கடத்தலும்) எடுத்தவர். வேறெந்தப் பின்கள வீரரும் அதை ஒருமுறைகூடச் செய்ததில்லை.

நிலாவெளி: எத்தனை வயதில் எங்கே இருக்க வேண்டும்? பாதையை முழுவதுமாகச் சொல்லுங்கள்.

நாலைந்து வயதில் ஐஸில் நிற்கப் பழகிவிடுவார்கள். ஒன்பது, பத்தில் நல்ல பிள்ளைகள் தெரிவு அணிகளுக்குப் போவார்கள். ரொறன்ரோவில் அதற்கென்று பெரிய லீக் இருக்கிறது. காலை ஐந்தரை மணிக்கு அரங்கு, அப்புறம் பள்ளிக்கூடம். தகப்பன் இரவு வேலை முடிந்து நேரே வந்து கார் ஓட்டுவதையெல்லாம் பார்த்திருக்கிறேன்.

அடுத்த படி ஜூனியர். கனடாவில் மூன்று பெரிய ஜூனியர் லீக்குகள், 16 முதல் 20 வயது வரை. அதில் ஒன்ராறியோ லீக் 15 வயதை ஒட்டிப் பிள்ளைகளைத் தெரிவுசெய்யும். மிக அபூர்வமாக ஒரு வருடம் முந்தியே அனுமதி கொடுப்பார்கள். 2011இல் அப்படி அனுமதி பெற்ற ஆரன் எக்பிளாட் பின்கள வீரர்தான். ஜூனியரில் சேர்ந்தால் பிள்ளை வீட்டை விட்டுப் போக வேண்டிவரும். வேறு ஊரில், அணி ஏற்பாடு செய்த குடும்பம் ஒன்றோடு தங்கிப் படித்துக்கொண்டு விளையாடுவான். நம்முடைய அம்மாமார் அதிகம் தடுமாறுவது இந்த இடத்தில்தான். இன்னொரு வழி அமெரிக்கப் பல்கலைக்கழகம். முன்பு கனடிய ஜூனியரில் ஓர் ஆட்டம் ஆடினாலே அந்தக் கதவு மூடிவிடும். 2025 ஓகஸ்டிலிருந்து அது திறந்திருக்கிறது, ஆகவே பதினைந்து வயதிலேயே ஒன்றை விட்டு ஒன்றைப் பிடிக்க வேண்டிய நெருக்கடி இப்போது இல்லை.

18 வயதில் என்.எச்.எல். டிராப்ட், அதாவது அணிகள் இளம் வீரர்களை முறைவைத்துத் தெரிவுசெய்யும் நாள். 32 அணிகள், ஏழு சுற்று, 224 பெயர்கள். அன்றைக்குப் படம் எடுத்து வட்சப்பில் உலகம் முழுக்க அனுப்புவார்கள். அனுப்பட்டும். ஆனால் அன்று நடப்பது ஒன்றுதான்: உன்னோடு ஒப்பந்தம் பேசும் உரிமை இன்ன அணிக்கு என்று எழுதிவைக்கிறார்கள். வேலை இன்னும் கிடைக்கவில்லை. பின்கள வீரருக்கு இது இன்னும் பொருந்தும், ஏனென்றால் அவர் முற்றிவர நாளாகும். முன்கள வீரர் பிழைவிட்டால் பின்னால் இருவர் இருக்கிறார்கள், பின்கள வீரர் பிழைவிட்டால் நேரே கோல். ஆகவே பயிற்சியாளர்கள் அவசரப்பட்டு இறக்க மாட்டார்கள்.

டங்கன் கீத்தைப் பாருங்கள். 2002இல் 54ஆவது ஆளாக சிக்காகோ எடுத்தது. அடுத்து இரண்டு முழுப் பருவம் நோர்போக் என்ற இடத்தில் ஏ.எச்.எல். லீக்கில். அது என்.எச்.எல்.லுக்கு ஒரு படி கீழே: நீண்ட பஸ் பயணம், அரைவாசி காலியான இருக்கைகள். 2005இல்தான் மேலே வந்தார். பிறகு மூன்று ஸ்டான்லி கிண்ணம் (என்.எச்.எல். சாம்பியன் அணிக்குரியது), இரண்டு நோரிஸ். சுவீடனின் நிக்லஸ் லிட்ஸ்ட்ரோம் 1989இல் 53ஆவது ஆள். இரண்டு வருடம் சொந்த நாட்டிலேயே ஆடிவிட்டு டெட்ரோயிட் வந்தவர், ஏழு முறை நோரிஸ் எடுத்தார். பதினெட்டில் வந்த இலக்கத்தை நான் பெரிதாக எடுப்பதில்லை. இருபத்திரண்டில் பிள்ளை எங்கே நிற்கிறான், எத்தனை நிமிடம் விளையாடுகிறான் என்று கேட்பேன்.

கிண்ணியா: டிராப்டில் பெயர் வரவே இல்லை என்றால் கதை முடிந்ததா, நானா?

இல்லை. ரொறன்ரோவில் பிறந்த மார்க் ஜியோர்டானோவை எவரும் எடுக்கவில்லை. கல்கரி அணியோடு சேர்ந்து, ஒப்பந்தம் சரிவராமல் ஒரு வருடம் மொஸ்கோவுக்குப் போய் ஆடி, திரும்பி வந்து, தலைவராகி, 2019இல் 35 வயதில் நோரிஸ் வாங்கினார். பிரையன் ரபல்ஸ்கியும் எடுக்கப்படாதவர்தான். பல்கலைக்கழகம் முடித்து சுவீடனிலும் பின்லாந்திலும் ஆடிவிட்டு 26 வயதில் என்.எச்.எல்.லில் முதல் ஆட்டம் ஆடினார், அந்தப் பருவமே கிண்ணம். ஐரோப்பாவில் சுவிஸ், ஜேர்மனி, பின்லாந்து என்று நல்ல லீக்குகள் இருக்கின்றன. அங்கேயே பத்து வருடம் உழைத்துக் குடும்பம் நடத்துகிறவர்களும் உண்டு. அதைத் தோல்வி என்று சொல்கிறவர்களோடு எனக்குப் பேச்சில்லை.

தம்பலகாமம்: உயரம் குறைவென்றால்?

ஸ்டெனோ சாரா 206 சென்ரிமீற்றர், அது ஒரு பக்கம். மறுபக்கம் 2024இல் நோரிஸ் வென்ற குவின் ஹியூஸ் சுமார் 178. ஆறடி வராத கேல் மக்காரிடம் இரண்டு நோரிஸ் இருக்கிறது. இடித்து நிறுத்த முடியாதவர் முதலில் போய்ப் பக்கை எடுத்துக்கொண்டு ஓடிவிடுவார். இன்னொரு சங்கதி: வலது கைப் பக்கமாக மட்டை பிடிக்கும் பின்கள வீரர்கள் குறைவு, ஆகவே கிராக்கி அதிகம். அதற்காகப் பிள்ளையின் கையை மாற்றப் பார்க்க வேண்டாம்.

மூதூர்: சம்பளம் கோடிக்கணக்கில் என்கிறார்களே, உண்மையா?

என்.எச்.எல்.லில் 2025-26 பருவத்துக்குக் குறைந்தபட்சச் சம்பளம் 775,000 அமெரிக்க டொலர். ரூபாவுக்கு மாற்றிப் பார்த்து மயங்க வேண்டாம். வரி, முகவர் பங்கு, லீக் வருமானம் குறைந்தால் ஈடுகட்டப் பிடித்துவைக்கும் தொகை என்று போகும். முதல் ஒப்பந்தம் பெரும்பாலும் இருவழி ஒப்பந்தம்: மேலே ஆடினால் ஒரு சம்பளம், ஏ.எச்.எல்.லுக்கு இறக்கினால் அதில் சின்னப் பங்கு. காலையில் தொலைபேசி வந்தால் பின்னேரம் வேறு நகரம். அதற்கு முன்னால் பத்துப் பன்னிரண்டு வருடம் தாய் தகப்பன் கொட்டிய காசு இருக்கிறது. மேல்தர மட்டை ஒன்றே 300 டொலரைத் தாண்டும், அதுவும் ஒரே அடியில் முறியும்.

அன்புவழிபுரம், ஒரு தாய்: காயம்தான் பயமாக இருக்கிறது, ஐயா.

பயம் நியாயம்தான் அம்மா. பக் 170 கிராம் ரப்பர், ஆட்டத்துக்கு முன் உறையவைத்தது. பின்கள வீரர் அதன் குறுக்கே விழ வேண்டும். 2010இல் ஒரு ஆட்டத்தில் பக் வாயில் பட்டுக் கீத்துக்கு ஏழு பல் போனது. அதே ஆட்டத்தில் திரும்பி வந்து விளையாடினார். பொபி ஓரின் முழங்கால் 30 வயதிலேயே அவரை வீட்டுக்கு அனுப்பியது. 2023இல் இங்கிலாந்தில் அடம் ஜோன்சன் என்ற வீரர் கழுத்தில் ஸ்கேட் வெட்டி இறந்தார். ஆகவே கழுத்துக் காப்பு விஷயத்தில் பிள்ளையோடு பேரம் பேச வேண்டாம். சின்ன வயதில் உடலால் இடிப்பதைக் கனடா 2013இலேயே தடைசெய்துவிட்டது, பதின்மூன்று வயதளவில்தான் தொடங்கும். தலையில் அடிபட்டால் அன்றைக்கு ஆட்டம் முடிந்தது. "சும்மா தலைசுற்று" என்று பயிற்சியாளர் சொன்னாலும் விடாதீர்கள்.

சம்பூர், மாணவி: பெண்களுக்கு?

2024 ஜனவரியில் பி.டபிள்யூ.எச்.எல். என்ற தொழில்முறை லீக் ஆறு அணிகளோடு தொடங்கி, இப்போது வன்கூவர், சியாட்டிலும் சேர்ந்திருக்கின்றன. அதன் முதல் டிராப்டில் இரண்டாவது ஆளாக ரொறன்ரோ எடுத்த ஜொசலின் லரோக் பின்கள வீராங்கனை. பாதை பெரும்பாலும் பல்கலைக்கழகம் வழியாகத்தான்.

உப்புவெளி: இங்கே இருந்துகொண்டு ஏதாவது செய்யலாமா?

என்.எச்.எல்.லுக்கு இங்கிருந்து வழியில்லை, அதைப் பூசி மெழுக மாட்டேன். சறுக்குச் சப்பாத்தும் மட்டையும் இருந்தால் சீமெந்துத் தரையில் விளையாடலாம், அது தனியாக நல்ல விளையாட்டு. பார்க்க விரும்பினால், ரொறன்ரோவில் குளிர்காலத்தில் மாலை ஏழு மணிக்குத் தொடங்கும் ஆட்டம் நமக்கு விடிய ஐந்தரை. ஆட்டத்தின் ஒரு பகுதி (20 நிமிடம்) முழுவதும் பக்கைப் பார்க்காமல் ஒரே ஒரு பின்கள வீரரை மட்டும் பாருங்கள். தோளுக்கு மேலால் எத்தனை தரம் பார்க்கிறார் என்று எண்ணிக்கொள்ளுங்கள்.