முகம் மட்டும் சுண்ணாம்பு வெள்ளை!

கேள்வி: வீட்டு விசேஷங்களில் ஃப்ளாஷ் போட்டுப் படம் எடுத்தால், முன்னால் நிற்பவர் முகம் சுண்ணாம்பு பூசிய மாதிரி வெளுத்துவிடுகிறது, பின்னால் இருப்பவர்கள் இருட்டில் காணாமல் போகிறார்கள். கேமரா மேல் பொருத்தத் தனி ஃப்ளாஷும் வாங்கிவிட்டேன், அப்படியும் இதே கதைதான். எங்கே தப்பு?

பதில்: நேராக முகத்தில் அடிக்கிறீர்கள், அதுதான் தப்பு. தூரம் இரண்டு மடங்கானால் ஃப்ளாஷ் வெளிச்சம் பாதியாகாது, கால் பங்காகிவிடும். 2 மீட்டரில் நிற்பவருக்குச் சரியாக விழுந்தால், 8 மீட்டர் தள்ளி இருக்கும் சுவருக்குப் போய்ச் சேர்வது பதினாறில் ஒரு பங்குதான். அறை இருட்டாகத் தெரியாமல் என்ன செய்யும்?

ஃப்ளாஷின் தலையைக் கூரைப் பக்கம் திருப்புங்கள். கூரை வெள்ளையாக, ரொம்ப உயரமில்லாமல் இருந்தால் அதுவே பெரிய விளக்கு மாதிரி ஆகி, வெளிச்சம் மெத்தென்று எல்லார் மேலும் விழும், கண்கள் சிவப்பாகத் தெரியும் தொல்லையும் போய்விடும். ஆள் பக்கத்தில் நிற்கும்போது நேர் மேலே காட்டினால் கண்குழியில் நிழல் கட்டும், அதனால் கொஞ்சம் பின்னாலோ பக்கச் சுவரிலோ பட்டுத் திரும்புகிற மாதிரி வையுங்கள். பச்சைச் சுவர் வேண்டாம், முகமும் பச்சையாகும்!

சரி, அடுத்தது ஷட்டர், அதாவது படம் எடுக்கும் நேரம் மட்டும் திறந்து வெளிச்சத்தை உள்ளே விடும் கதவு, பலர் கோட்டை விடுவது இங்கேதான். ஃப்ளாஷ் மின்னி மறைவது கண் இமைப்பதைவிட எவ்வளவோ வேகம், அதனால் ஷட்டரை மெதுவாக்கினால் ஃப்ளாஷ் வெளிச்சம் அதிகமாகாது, அறை விளக்குகளின் வெளிச்சம் மட்டும் கூடும். எம் மோடில் (எல்லாவற்றையும் நாமே அமைக்கும் முறை) ஷட்டர் 1/60 நொடி, லென்ஸ் துவாரம் எஃப் 4, கேமரா வெளிச்சத்தை எவ்வளவு உணரும் என்பதைக் காட்டும் ஐஎஸ்ஓ 800 வைத்து, ஃப்ளாஷை டிடிஎல்லில் (ஃப்ளாஷ் அளவைக் கேமராவே கணக்கிடும் முறை) விட்டுவிடுங்கள். பின்னணி இன்னும் இருட்டென்றால் ஐஎஸ்ஓ 1600. ஆட்டம் பாட்டம் என்றால் 1/125, இல்லாவிட்டால் கை கால் எல்லாம் இழுபடும். கூரைக்குத் திருப்பும்போது ஃப்ளாஷ் நிறைய சக்தி செலவழிக்கும், மாற்று பேட்டரி கையில் இருக்கட்டும்.

கேள்வி: என்னிடம் செல்போன் மட்டும்தான் இருக்கிறது. அதன் ஃப்ளாஷ் போதுமா?

பதில்: போதாது. அது சின்ன எல்இடி விளக்கு, ரெண்டு மூன்று மீட்டர் தாண்டினால் ஒன்றும் தெரியாது. அதை அணைத்துவிட்டு, ஆளை விளக்குக்குப் பக்கத்தில், முகத்தில் வெளிச்சம் படும்படி நிற்கச் சொல்லுங்கள், தலைக்கு நேர் மேலே விளக்கு இருந்தால் மட்டும் ஓரடி தள்ளி.