கண்ணாடியில் ஒட்டிய சீட்டு

அன்புள்ள அண்ணாச்சி,

உடம்பைக் குறைக்க ஃபிரிட்ஜ் கதவில் ஒல்லியான ஒரு நடிகையின் படத்தையும், பீரோ கண்ணாடியில் ‘குண்டச்சி, வாயைக் கட்டு’ என்று எழுதிய சீட்டையும் ஒட்டியிருக்கிறேன். முதல் வாரம் பலன் இருந்தது, இப்போது அவை கண்ணிலேயே படுவதில்லை. இன்னும் எங்கே ஒட்டலாம்? தட்டின் நிறத்தை மாற்றினால் குறைவாகச் சாப்பிடுவோமா? என் பத்து வயது மகளும் கண்ணாடி முன்னால் வயிற்றை எக்கிக்கொண்டு நிற்கிறாள், பார்க்கச் சிரிப்பாக வருகிறது.

ஒரு வாசகி, பாளையங்கோட்டை

அன்புள்ள தங்கச்சி,

தட்டின் நிறத்தை விடுங்கள். சிரிப்பாக வருகிறது என்று எழுதினீர்களே, அந்த இடத்தில்தான் எனக்குப் பதறியது. அந்தச் சீட்டை நீங்கள் பார்ப்பதை நிறுத்திவிட்டீர்கள், பிள்ளை தினமும் எழுத்துக்கூட்டி வாசிக்கிறாள். பெற்ற தாயே தன்னைத்தானே ஏசிக்கொள்கிற வீட்டில் அவள் தன் உடம்பைப் பற்றி வேறு என்ன படிப்பாள்? அவள் பள்ளிக்கூடம் விட்டு வருவதற்குள் கிழித்துப் போடுங்கள். வேறு இடத்தில் ஒட்டவும் வேண்டாம், நல்ல வார்த்தையாக மாற்றி எழுதவும் வேண்டாம், கிழித்துப் போடுங்கள்.

ஒரே இடத்தில் அசையாமல் இருப்பதைக் கண் சீக்கிரம் விட்டுவிடும். போன வருஷக் காலண்டர் சுவரில் தொங்குவதையே மாசி வரை கவனிக்காதவர்கள் நாம். ஆனால் தின்கிற பண்டம் அப்படியில்லை. பசிக்காக எவ்வளவு தின்கிறோம், கண்ணில் பட்டதற்காக எவ்வளவு என்று கொஞ்ச நாளாகவே யோசித்துக்கொண்டிருக்கிறேன். டவுனில் எங்கள் வீட்டில் அப்பா வாங்கிவரும் அல்வாப் பொட்டலம் ரேடியோ ஸ்டாண்டில்தான் இருக்கும், தாளில் நெய் கசிந்து விரிப்பெல்லாம் கறை. போகிறபோதும் வருகிறபோதும் ஆளுக்கு ஒரு விள்ளல், அதில் ஒருவருக்கும் பசி கிடையாது. கொழுப்பு கிராமுக்கு 9 கலோரி, சர்க்கரை 4, அல்வாவில் இரண்டும் தாராளம். அப்பாவுக்குச் சுகர் என்று தெரிந்ததும் அம்மா அவருக்குப் புத்தி சொல்லவில்லை, எதையும் எழுதி ஒட்டவுமில்லை. அல்வாவைத் தூக்குச்சட்டியில் போட்டு மூடி, உள்ளறையில் பரண்மேல் ஏற்றிவிட்டாள், வேண்டுமென்றால் ஸ்டூல் போட்டு ஏற வேண்டும். ரேடியோ ஸ்டாண்டில் வெள்ளரிப் பிஞ்சை நறுக்கி வைத்தாள். அப்பாவின் கை பழக்கத்தில் அங்கே போகும், கிடைத்ததை எடுத்துக் கடித்துக்கொண்டே பேப்பர் படிப்பார்.

உங்கள் வீட்டிலும் மிக்சர் டப்பா எங்கே இருக்கிறது என்று முதலில் பாருங்கள். அளவு தெரிய வேண்டுமென்றால் இடுப்பை டேப்பால் அளந்துகொள்ளுங்கள், நம் பெண்களுக்கு 80 சென்டிமீட்டரைத் தாண்டினால் கவனிக்கச் சொல்கிறார்கள், ஆண்களுக்கு 90. அப்புறம், நடக்கப் போகிற செருப்பை ராத்திரி ஸ்டாண்டுக்குள் தள்ளிவிடாதீர்கள், காலையில் கதவைத் திறந்ததும் காலில் தட்டுப்படுகிற மாதிரி கிடக்கட்டும்.