மேற்கு முரடு, கிழக்கு வேகம்: இன்னும் அப்படித்தானா?

கேள்வி: வேலைக்காகக் கனடாவின் கால்கரிக்கு வந்து இரண்டு குளிர்காலம் ஆகிறது. இப்போதுதான் வட அமெரிக்காவின் என்.எச்.எல். லீக் ஐஸ் ஹாக்கி பார்க்கத் தொடங்கியிருக்கிறேன். மேற்குப் பிரிவு அணிகள் உடல்பலத்தையும் கிழக்குப் பிரிவு அணிகள் வேகத்தையும் நம்பி ஆடுபவை என்கிறார்கள் அலுவலக நண்பர்கள். எனக்கோ எல்லா ஆட்டமும் ஒன்றுபோலத்தான் தெரிகிறது. எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: உங்கள் கண்ணில் கோளாறு இல்லை. நண்பர்கள் சொல்வது பத்து வருடப் பழங்கதை.

ஒரு காலத்தில் அதில் உண்மை இருந்தது. 2012, 2014 ஆண்டுகளில் ஸ்டான்லி கோப்பையை (என்.எச்.எல். சாம்பியனுக்கான கோப்பை) வென்ற லாஸ் ஏஞ்சலிஸ் கிங்ஸ், எதிராளியைச் சுவரோடு நெருக்கியே பக்கை (பந்துக்குப் பதிலாக ஆடும் ரப்பர் வட்டு) பறித்தது. இறுதிப் போட்டிக்குப் போக மேற்கு அணி மேற்கு அணிகளைத்தான் தாண்டியாக வேண்டும். அதனால் அனாஹைம், செயின்ட் லூயிஸ் அணிகளும் அதே கனத்தோடு மோதின. கிழக்கிலோ, பிட்ஸ்பர்க் ஓட்டத்தாலேயே 2016, 2017 கோப்பைகளைத் தட்டிச் சென்றது.

இப்போது கதை தலைகீழ். 2024, 2025 இறுதிப் போட்டிகளில் மூச்சுவிடாமல் நெருக்கி வென்றது கிழக்கின் ஃபுளோரிடா. தோற்ற எட்மன்டனிடம்தான் மெக்டேவிட் என்ற மின்னல் இருந்தது.

ஆட்டப் பாணி வரைபடத்தில் இல்லை, பயிற்சியாளரின் பெட்டியில் இருக்கிறது. 1995இல் ஜாக் லெமேர் நடுக்களத்தை அடைத்து ஆடும் முறையால் நியூ ஜெர்சிக்குக் கோப்பை வாங்கித் தந்தார். 2000இல் அவர் மேற்கின் புதிய அணியான மினசோட்டாவுக்குப் போனபோது அந்த முறையும் கூடவே போனது. (பார்க்கச் சலிப்பான ஆட்டம், ஆனால் பலித்தது.)

பிரிவுகளுக்கிடையே இன்றும் மிஞ்சியிருக்கும் வேறுபாடு பயணம். நியூ யார்க் வட்டாரத்தில் மட்டும் மூன்று அணிகள். எதிரணி ஊரில் ஆடிவிட்டு அன்றிரவே வீட்டில் தூங்கலாம். மேற்கில் பெரும்பாலும் விமானம்தான். அந்தக் களைப்பைப் பாணி என்று எண்ணிவிடாதீர்கள்.

சரி, எதைப் பார்ப்பது? ஓர் அணி பக்கை எதிரணியின் மூலைக்கு அடித்து அனுப்பும் கணத்தைப் பாருங்கள். கண் தானாகவே பக்கின் பின்னால் ஓடும். நானும் பல வருடம் அப்படித்தான் பார்த்தேன். அதை விட்டுவிட்டு, துரத்திப் போகிறவர்களை எண்ணுங்கள். இருவர் பாய்ந்தால் அது நெருக்கும் அணி. ஒருவர் மட்டும் போய், பக் வைத்திருப்பவரை ஒரு பக்கமாக ஒதுக்க, மற்றவர்கள் பின்னால் காத்திருந்தால் அது நிதானமான அணி. நடுக்களத்தில் மூவர் குறுக்கே வரிசையாக நின்றால் வலை விரித்துவிட்டார்கள் என்று பொருள்.

தொலைக்காட்சியில் இது பாதிதான் தெரியும். அரங்குக்குப் போனால் கண்ணாடிக்கு அருகே அதிகப் பணம் கொடுத்து உட்கார வேண்டாம். கோலுக்குப் பின்னால், மேல் வரிசையில் டிக்கெட் வாங்குங்கள். கிழக்கு அணி ஒவ்வொன்றும் வழக்கமான பருவத்தில் ஒரு முறை உங்கள் ஊருக்கு வரும். முதலில் கரோலினா வரும் நாளைத் தேர்ந்தெடுங்கள். அதன் பயிற்சியாளர் ராட் பிரிண்டமோரின் ஆட்கள் ஆளுக்கு ஆள் ஒட்டிக்கொண்டு துரத்துவார்கள். ஐந்து நிமிடத்தில் எண்ணப் பழகிவிடுவீர்கள்.