வண்டி வாசல்: வாசகர் கேள்வி, பதில்

கேள்வி: ஐயா, டர்பனிலிருந்து ஜோகன்னஸ்பர்குக்கு வாரம் ஒரு தடவை பக்கியில் லோடு கொண்டுபோகிறேன். திரும்பும்போது வண்டி காலி. பின்கதவை இறக்கிவிட்டு ஓட்டினால் காற்று தடையில்லாமல் போகும், டீசல் மிச்சமாகும் என்கிறான் கூட்டாளி. உண்மையா?
– சாட்ஸ்வொர்த் வாசகர்

பதில்: மூடியே ஓட்டுங்கள், தம்பி. (தமிழ்நாட்டிலிருந்து படிப்பவர்களுக்கு: பக்கி என்றால் இங்கே பிக்கப் வண்டி. திட்டு இல்லை!)

நானும் ஒரு காலத்தில் உங்கள் கூட்டாளி கட்சிதான். பேனல் பீட்டிங் கடை வைத்திருந்தபோது, வேலையில்லாத ஒரு சனிக்கிழமை, என் பக்கியின் பின்தட்டு முழுக்கச் சாண் சாணாகச் சிவப்புக் கம்பளி நூலை டேப் போட்டு ஒட்டினேன். கதவு மூடியிருந்தது. 80 கிலோமீட்டர் வேகம். மகன் கேபினின் பின் கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு பார்த்தவன், "அப்பா, நூலெல்லாம் நம்மைப் பார்த்துப் படுத்திருக்கு!" என்றான். பின்னால் பறக்க வேண்டிய நூல் முன்னால் நீட்டிக்கொண்டிருந்தது.

காரணம் இதுதான். கேபின் கூரையைத் தாண்டும் காற்று சட்டென்று கீழே மடங்காது. நேராகப் போய்ப் பின்கதவின் மேல்விளிம்பைத் தொடுகிறது. அதில் கொஞ்சம் உள்ளே இறங்கி, தட்டோடு முன்னால் ஓடி, கேபின் முதுகில் ஏறிச் சுற்றுகிறது. ரொட்டிக் கட்டை மாதிரி ஒரு காற்று உருளை என்று வையுங்கள். வெளிக்காற்று அதன்மேல் வழுக்கிக்கொண்டு போய்விடும். கதவை இறக்கினால் அந்த உருளை கலைந்துவிடும். கேபினுக்குப் பின்னால் அழுத்தம் குறையும், வண்டியைப் பின்னுக்கு இழுக்கும். பெரும்பாலான பக்கிகளில் இதுதான் கதை.

முகத்தில் அடிக்கிற காற்றுதான் எதிரி என்று எல்லோரும் நினைக்கிறோம். முன்னால் அழுத்தம் கூடுவது பாதிதான். பின்னால் குறைவது மீதி. அதனால்தான் காரின் மூக்கை விட வாலில் அதிகம் மெனக்கெடுகிறார்கள். மண் ரோட்டில் ஒரு ஹேட்ச்பேக்கை ஓட்டிப் பாருங்கள். முன் கண்ணாடியை விடப் பின் கண்ணாடியில்தான் புழுதி அப்பிக்கிடக்கும். சக்கரம் கிளப்பிய மண்ணைப் பின்னாலிருக்கும் அந்தக் குறைந்த அழுத்தம் இழுத்து ஒட்டவைக்கிறது. பின் வைப்பர் வீண் அலங்காரம் இல்லை.

டீசல் மிச்சம் வேண்டுமா? 120-இல் போகிறவர் 100-க்கு இறங்குங்கள். காற்றுத் தடை வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். 100-இல் இருப்பதைவிட 120-இல் 44 சதவீதம் அதிகம். சும்மா கிடக்கிற கூரை ரேக்கையும் கழற்றுங்கள்.

அப்புறம், ஜோகன்னஸ்பர்க் 1,700 மீட்டருக்கு மேலே இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி டர்பனை விட ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைவு. தடையும் அவ்வளவு குறையும். ஆனால் டர்போ (காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும் கருவி) இல்லாத எஞ்சினுக்கு அங்கே மூச்சும் குறையும். 1982-இல் ஜோகன்னஸ்பர்க் பக்கத்துக் கியாலமியில் நடந்த கார் பந்தயத்தில் பிரெஞ்சு வீரர் அலைன் புரோஸ்ட், டயர் வெடித்துப் பின்தங்கியும் டர்போ ரெனோவில் வந்து ஜெயித்தார். அந்த உயரம் டர்போ வண்டிகளுக்குச் சாதகம்.

கேள்வி: என்3 நெடுஞ்சாலையில் பெரிய லாரியைத் தாண்டும்போது என் சின்னக் கார் ஆடுகிறது. ஸ்டியரிங்கில் கோளாறா, அண்ணா?
– பீட்டர்மாரிட்ஸ்பர்க் வாசகி

பதில்: காற்றுதான் தங்கச்சி. லாரிக்கும் காருக்கும் நடுவில் சந்து குறுகலாகும்போது அங்கே காற்று வேகமெடுக்கும், அழுத்தம் விழும். கார் இடப்பக்கம், லாரியை நோக்கி இழுக்கப்படும். லாரியின் மூக்குக்கு நேரே வரும்போது அங்கே குவிந்த அழுத்தம் வலப்பக்கம் தள்ளும். வான் ரீனன் கணவாயில் என்றால் இதோடு குறுக்குக் காற்றும் சேரும்: லாரி மறைத்திருந்தது, அதைத் தாண்டியதும் பட்டென்று அறையும். இரண்டு கையும் ஸ்டியரிங்கில் இருக்கட்டும், எதிர்ப்பக்கம் வெட்டித் திருப்பாதீர்கள். நடுவில் இன்னும் கொஞ்சம் இடம் விட்டுத் தாண்டினாலே பாதி ஆட்டம் போய்விடும். லாரி இல்லாத இடத்திலும் ஆடினால் மட்டும் டயரையும் அலைன்மென்டையும் காட்டுங்கள்.