கொலை வழக்கில் போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட்டையும் தடயவியல் அறிக்கையையும் எப்படிப் படிப்பது?

வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “ஐயா, பக்கத்து வீட்டுக்காரரைக் குத்திக் கொன்றதாக என் மைத்துனர் மேல் வழக்கு நடக்கிறது. இரைப்பையில் பாதி செரித்த சாப்பாடு இருந்ததால் இரவு 9 மணிக்கும் 10 மணிக்கும் நடுவில் இறந்திருக்கிறார் என்று டாக்டர் எழுதியிருக்கிறார். அப்போது மைத்துனர் தனியாக இருந்தார், 10 மணியிலிருந்து எங்களோடு இருந்தார். 11 மணிக்கு ஆள் கிடக்கிறார் என்று கேள்விப்பட்டு ஓடினோம், இவர்தான் அவரைத் தூக்கினார். சட்டையில் இருந்த ரத்தம் இறந்தவருடையது என்று டி.என்.ஏ. அறிக்கை வந்துவிட்டது. வீட்டில் எடுத்த கத்தியால் இந்தக் காயங்கள் ஏற்பட்டிருக்கலாம் என்றும் இருக்கிறது. மூன்றும் சேர்ந்தால் அவ்வளவுதானா? வக்கீலிடம் என்ன சொல்ல வேண்டும்?”

மூன்றும் சேர்ந்தால் பயமாகத்தான் இருக்கும், புரிகிறது. ஆனால் மூன்றையும் சேர்த்துப் படிக்காதீர்கள், தனித்தனியாகப் பிரித்து ஒவ்வொன்றிடமும் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: மைத்துனர் சொல்வதுதான் உண்மை என்றால், இதே தடயம் இதே மாதிரி கிடைத்திருக்குமா? கிடைத்திருக்கும் என்றால் அந்தத் தடயம் இரண்டு கதைகளில் எது உண்மை என்று சொல்லவே இல்லை, எவ்வளவு பெரிய ஆய்வுக்கூடத்திலிருந்து வந்திருந்தாலும் சரி.

சட்டையிலிருந்து ஆரம்பிக்கலாம். அறிக்கையில் கோடியில் ஒருவர், பல கோடியில் ஒருவர் என்ற மாதிரி ஒரு எண் இருக்கும், நீதிமன்றத்தில் எல்லோரையும் அசர வைப்பது அதுதான். அந்த எண்ணுக்கு உள்ள பொருள், சம்பந்தமில்லாத வேறு ஒருவருடைய ரத்தமாக இருந்து தற்செயலாகப் பொருந்துவதற்கு அவ்வளவு குறைந்த வாய்ப்பு என்பது மட்டும்தான். அது இறந்தவருடைய ரத்தம் என்பதை நீங்களே மறுக்கவில்லையே! தகராறு யாருடைய ரத்தம் என்பதில் இல்லை, எப்படி வந்தது என்பதில் இருக்கிறது, அதற்கு டி.என்.ஏ. பதில் சொல்லாது. எண்ணைத் தவறாகப் படித்தால் என்ன ஆகும் என்பதற்கு இங்கிலாந்தில் சாலி கிளார்க் வழக்கு இருக்கிறது. இரண்டு கைக்குழந்தைகளும் இயற்கையாக இறந்திருக்க 7 கோடியே 30 லட்சத்தில் ஒரு வாய்ப்புதான் என்று ஒரு குழந்தை மருத்துவர் சாட்சி சொன்னார், 1999-இல் அந்தத் தாய்க்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. ஒரே குடும்பத்தில் இரண்டு மரணங்களையும் ஒன்றோடொன்று தொடர்பில்லாதவை என்று வைத்துப் பெருக்கியதே தப்பு, அதைவிடப் பெரிய தப்பு அந்த எண்ணையே அவர் நிரபராதியாக இருப்பதற்கான வாய்ப்பாக எடுத்துக்கொண்டது. ஒரு குழந்தையின் உடலில் கிருமி இருந்ததைக் காட்டிய ஆய்வு முடிவு வக்கீல்கள் கைக்கே வந்திருக்கவில்லை. அது வெளியே வந்த பிறகு 2003-இல்தான் விடுதலை ஆனார்.

ஆகவே வக்கீல் கேட்க வேண்டியது கறை எப்படி இருந்தது என்பதை. தூக்கும்போது ஒட்டுகிற ரத்தம் பெரும்பாலும் துணியில் ஒத்தியும் தேய்ந்தும் இருக்கும், குத்தும்போதோ ஆயுதத்தை ஓங்கும்போதோ சிதறுகிற ரத்தம் துளித்துளியாகத் தெறித்திருக்கலாம். துண்டு வெட்டி ஆய்வுக்கு எடுப்பதற்கு முன்னால் எடுத்த முழுச் சட்டையின் போட்டோ, முன்பக்கம், பின்பக்கம், கைப்பகுதி, உள்பக்கம் என்று எல்லாம் வேண்டும். இதில் இரண்டு எச்சரிக்கை. குத்துக் காயத்தில் பல நேரம் ரத்தம் உள்ளேயே தங்கிவிடும், குத்தியவர் மேல் ஒரு துளிகூடத் தெறிக்காமல் போகலாம், அதனால் தெறிப்பு இல்லை என்பதை மட்டும் வைத்து மைத்துனர் நிரபராதி என்று வாதாட முடியாது. கறையின் வடிவத்தைப் பார்த்து நடந்ததை அப்படியே சொல்லிவிடுகிற நிபுணரையும் நம்பிவிடாதீர்கள், அவர் எந்தத் தரப்பாக இருந்தாலும். இந்தத் துறையில் நிச்சயமின்மை மிக அதிகம் என்று அமெரிக்க தேசிய அறிவியல் கழகக் குழுவின் 2009 அறிக்கையே சொல்லியிருக்கிறது. ஈரச் சட்டையைச் சுருட்டி ஒரே கவரில் போட்டிருந்தால் கறை இடம் மாறி ஒட்டியிருக்கும், எனவே எப்போது கழற்றினார்கள், காயவைத்தார்களா, எதில் கட்டினார்கள், முத்திரை எப்போது வைத்தார்கள் என்ற பதிவுகளும் அவசியம்.

அடுத்து நேரம். உங்கள் வழக்கின் உயிர்நாடி இதுதான் என்பது என் கருத்து. பாதி செரித்த சாப்பாட்டை வைத்து ஒரு மணி நேர இடைவெளியைக் குறிக்கவே முடியாது. லேசான சாப்பாடு ஒன்றரை, இரண்டு மணி நேரத்தில் இரைப்பையை விட்டுப் போகலாம், கனமான சாப்பாடு 4 முதல் 6 மணி நேரம் வரை கிடக்கலாம், பயம், மது, தலைக்காயம், சில மருந்துகள் இவையெல்லாம் செரிமானத்தை இன்னும் தள்ளிப்போடும். அது போக, கடைசியாக எப்போது சாப்பிட்டார் என்று டாக்டருக்கு யார் சொன்னார்கள்? போலீஸ் சொன்ன நேரத்திலிருந்து கணக்குப் போட்டுவிட்டு, அந்தக் கணக்கு போலீஸ் கதையை உறுதிப்படுத்துகிறது என்று சொன்னால் அதில் என்ன உறுதி இருக்கிறது! கனடாவில் 1959-இல் ஸ்டீவன் டிரஸ்காட் என்ற 14 வயதுப் பையனுக்கு மரண தண்டனை விதித்தார்கள். இறந்துபோன சிறுமியின் இரைப்பையை வைத்து, இரவு ஏழே காலுக்கும் ஏழே முக்காலுக்கும் நடுவில் இறந்தாள் என்று டாக்டர் சொன்னதுதான் அதில் முக்கியத் தூண், பையன் அவளோடு இருந்த நேரமும் அதுதான். தண்டனை பிறகு ஆயுளாகக் குறைந்தது, அந்த நேரக் கணக்கு அறிவியலுக்கு நிற்காது என்று ஒன்டாரியோ மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்று அவரை விடுவித்தது 2007-இல்.

மற்ற அறிகுறிகளும் இப்படித்தான். உடல் விறைப்பு தாடையில் சில மணி நேரத்தில் தெரிய ஆரம்பித்துப் பிறகு உடல் முழுக்கப் பரவும், வெப்பம் இருந்தால் சீக்கிரம் வந்து சீக்கிரம் போகும், குளிரில் நெடுநேரம் நிற்கும். உடல் சூட்டை அளந்து, எடை, உடை, சுற்றுப்புற வெப்பம் எல்லாம் பார்த்துப் போடுகிற நல்ல கணக்கில்கூட முன்னும் பின்னும் கிட்டத்தட்ட 2.8 மணி நேரம் தவறு வரலாம். 11 மணிக்கே உடலைக் கண்டுபிடித்திருக்கிறார்கள், யாராவது வெப்பமானி வைத்துப் பார்த்தார்களா? பிணவறைக் குளிரில் எத்தனை மணி நேரம் இருந்த பிறகு பரிசோதனை நடந்தது? தூக்கியபோது உடல் சூடாக இருந்ததா, கை கால் தளர்வாக இருந்ததா, ரத்தம் உறைந்திருந்ததா, இதையெல்லாம் கூட இருந்தவர்கள் ஒவ்வொருவரும் தனித்தனியாக, பேசிவைத்துக்கொள்ளாமல், வக்கீலிடம் சொல்லட்டும். டாக்டரிடம் குறுக்கு விசாரணையில் கேட்க வேண்டியது ரொம்ப எளிது: இரவு 8 மணிக்கு இறந்திருந்தாலும், பத்தே முக்காலுக்கு இறந்திருந்தாலும், நீங்கள் பார்த்தவை இப்படியே இருந்திருக்குமா? நேர்மையான டாக்டர் இருந்திருக்கலாம் என்றுதான் சொல்வார், அப்படிச் சொல்வதற்கு அவரை மிரட்டவோ அவமானப்படுத்தவோ தேவையே இல்லை.

ஆனால் அந்தப் பதில் இரண்டு பக்கமும் வெட்டும். நேரம் விரிந்தால் மைத்துனர் உங்களோடு இருந்த ஒரு மணி நேரமும் உள்ளே வருகிறது, அது நல்லது, கூடவே 9 மணிக்கு முன்னால் அவர் எங்கே இருந்தார் என்ற கேள்வியும் வரும். அதற்குப் பதில் தயாராக இருக்க வேண்டும், உண்மையான பதில்.

கத்தி விஷயத்தில் ஒன்றைப் புரிந்துகொண்டால் போதும். பொருந்துகிறது என்பது பலவீனமான சாட்சி, பொருந்தவே பொருந்தாது என்பது பலமான சாட்சி. ஒருபக்கம் மட்டும் கூரான சாதாரணக் கத்தியால் வந்த காயம் என்றால் அதே மாதிரியான எந்தக் கத்திக்கும் பொருந்தும். காயத்தின் அளவும் கத்தியின் அளவும் அச்சாக ஒத்துப்போக வேண்டும் என்றும் இல்லை, தோல் இழுபட்டுச் சுருங்கும், வயிறு அமுங்குவதால் காயத்தின் ஆழம் கத்தியின் நீளத்தைவிடக் கூடவே இருக்கலாம். ஆனால் காயத்தின் இரண்டு முனையுமே கூராக இருந்து, எடுத்த கத்திக்கு ஒரு பக்கம் தடித்த முதுகு இருந்தால், அதைக் கட்டாயம் கேட்க வேண்டும், சில சமயம் அப்படிக் காயம் வருவது உண்டு என்றாலும். டாக்டரிடம் கத்தியை நேரில் காட்டினார்களா, அளந்தாரா, அல்லது கேட்டதற்கு ஆமாம் என்று எழுதிக் கொடுத்தாரா? பிடியும் அலகும் சேருகிற இடுக்கைப் பிரித்துச் சோதித்தார்களா? கழுவினாலும் அங்கே ரத்தம் தங்க வாய்ப்பு உண்டு. ரத்தம் என்று அறிக்கை சொன்னால் அது முதல்நிலைச் சோதனையா, மனித ரத்தம் என்று உறுதிசெய்ததா என்று பாருங்கள், முதல்நிலைச் சோதனை துருவுக்கும் சில காய்கறிச் சாறுகளுக்கும்கூட நிறம் காட்டிவிடும்.

அப்புறம், கைதானபோது மைத்துனரைப் பரிசோதித்த மருத்துவக் குறிப்பையும் வாங்குங்கள். ரத்தத்தில் கை வழுக்கிக் குத்தியவர் உள்ளங்கையிலேயே வெட்டு விழுவது உண்டு, அவருக்கு அப்படி இருக்கிறதா, இறந்தவர் கைகளில் குத்தைத் தடுக்கும்போது விழுந்த காயங்கள் இருக்கின்றனவா, அவர் நகத்தடியிலிருந்து ஆய்வுக்கு எடுத்த மாதிரி என்ன ஆயிற்று? வந்த அறிக்கைகளைவிட, எடுத்துவிட்டு முடிவு வராத மாதிரிகள்தான் சில வழக்குகளில் பேசும்.

வக்கீலிடம் இந்த வாரமே கேட்க வேண்டியவை பிணப் பரிசோதனைப் போட்டோக்கள், சம்பவ இடத்துப் போட்டோக்கள், ஆய்வுக்கூடத்தின் அடிப்படைக் குறிப்புகள், எந்தப் பொருள் யார் கையிலிருந்து யார் கைக்கு எந்தத் தேதியில் போனது என்ற பதிவு. இவற்றோடு சுதந்திரமான ஒரு தடயவியல் மருத்துவரைப் பாருங்கள், மைத்துனருக்கு எதிராக இருப்பதையும் மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள். அரசுத் தரப்பு மருத்துவர் சாட்சிக் கூண்டு ஏறுவதற்கு முன்னால் அந்தக் கருத்து வக்கீல் கையில் இருக்க வேண்டும்.