கரேனினின் காதுகள்: நாவலாசிரியரிடம் சில கேள்விகள்

உங்களுக்கு மிகவும் பிடித்த நாவல் எது? ஒன்று மட்டும் சொல்லுங்கள்.

டால்ஸ்டாயின் 'அன்னா கரேனினா'. இருபது ஆண்டுகளாக இதே பதில்தான் சொல்லி வருகிறேன்.

அதில் அப்படி என்ன இருக்கிறது? நான் நூறு பக்கத்தோடு மூடி வைத்துவிட்டேன்.

அடடா, காதுகளுக்குப் பக்கத்தில் போய்த் திரும்பிவிட்டீர்களே! அன்னா மாஸ்கோவிலிருந்து பீட்டர்ஸ்பர்க் திரும்புகிறாள். அவள்மீது காதல் கொண்ட விரோன்ஸ்கியும் அதே ரயிலில் அவளைத் தொடர்ந்து வருகிறான். இறங்கியதும் கணவன் கரேனின் நிற்பது தெரிகிறது. அவள் கண்ணில் முதலில் படுவது அவன் காதுகள். தொப்பி விளிம்பை முட்டிக்கொண்டு நிற்கும் காதுகள். ஐயோ, இவர் காதுகள் ஏன் இப்படி ஆகிவிட்டன என்று நினைக்கிறாள். இத்தனைக்கும் எட்டு வயதில் மகன் இருக்கிறான். அவ்வளவு காலமும் அந்தக் காதுகள் அங்கேயேதான் இருந்தன. அதன் பிறகு டால்ஸ்டாய் அவள் மனத்தை விளக்கவும் செய்கிறார். எனக்கு அந்த விளக்கம் வேண்டியிருக்கவில்லை.

ஒரு பாத்திரத்தின் மனம் மாறிவிட்டது என்று காட்ட நான் நான்கு பத்தி எழுதுவேன். பிறகு எல்லாவற்றையும் அடித்துவிட்டு, இங்கே காது எங்கே என்று தேடுவேன். பெரும்பாலும் அகப்படாது.

பாத்திரங்களைப் பற்றிய விவரங்களைக் குறித்து வைத்துக்கொள்வீர்களா?

வைத்துக்கொள்வேன். அப்படியும் சறுக்கும். என் இரண்டாவது நாவலில், ஏழாம் அத்தியாயத்தில் அடகுக்குப் போன தையல் இயந்திரத்தில் பதினாறாம் அத்தியாயத்தில் ஒருத்தி உட்கார்ந்து ரவிக்கை தைக்கிறாள். புத்தகம் வந்த பிறகு ஒரு வாசகி ஒரே வரியில் கடிதம் எழுதினார்: "எப்போது மீட்டார்கள்?"

பெரியவர்களும் சறுக்கியிருக்கிறார்கள். டாக்டர் வாட்சன் போரில் குண்டடி பட்டவர். 1887இல் வந்த முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் நாவலில் காயம் தோளில் இருக்கிறது; 1890இல் வந்த இரண்டாவது நாவலில் காலுக்கு இறங்கிவிட்டது. 'டான் குயிக்ஸாட்'டின் முதல் பாகம் 1605இல் வந்தபோது, நாயகனின் பணியாள் சாஞ்சோவின் கழுதை காணாமல் போய், சொல்லாமல் கொள்ளாமல் திரும்பி வந்துவிட்டது. செர்வாண்டிஸ் கெட்டிக்காரர். 1615இல் வந்த இரண்டாம் பாகத்தில் சாஞ்சோவிடமே இதைக் கேட்க வைக்கிறார். கதை எழுதியவர் தவறியிருப்பார், இல்லையென்றால் அச்சகத்தாரின் கவனக்குறைவு என்கிறான் சாஞ்சோ. நானும் அந்த வாசகிக்கு அச்சகத்தைக் கைகாட்டிப் பதில் எழுதினேன். அவர் ஏற்றுக்கொள்ளவில்லை.

ஆனால் வாட்சனின் காயம் இடம் மாறியதால் அவர்மீது நமக்கு நம்பிக்கை குறைந்துவிட்டதா? இல்லையே. நண்பனின் திறமையைப் பார்த்து ஒவ்வொரு முறையும் புதிதாக வியக்கிறாரே, அந்த வியப்பு இடம் மாறியிருந்தால்தான் ஆபத்து.

நேரில் சந்திக்க விரும்பும் கதாபாத்திரம்?

வந்தியத்தேவன். ஒரு மணி நேரம் போதும். அதற்கு மேல் போனால் என்னையும் ஏதாவது வம்பில் மாட்டிவிடுவான்.

எழுதிக்கொண்டிருக்கும் காலத்தில் மற்றவர்களின் நாவல்களைப் படிப்பீர்களா?

படிப்பேன், ஆனால் மனத்துக்கு மிக நெருக்கமானவர்களைத் தொட மாட்டேன். ஒருமுறை இரவு, சங்கீதத்தில் தோய்ந்த தி. ஜானகிராமனின் 'மோகமுள்'ளை எடுத்துவிட்டு மறுநாள் காலை எழுத உட்கார்ந்தேன். கணக்கு எழுதுவதைத் தவிர வேறொன்றும் அறியாத என் குமாஸ்தா திடீரென்று தம்புராவின் சுருதியைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார். ஆறு பக்கங்களைக் கிழித்தேன். இப்போதெல்லாம் அந்த மாதங்களில் பயண நூல்கள், கடிதத் தொகுப்புகள், அகராதி.

மொழிபெயர்ப்பில் படித்தால் பாதி போய்விடும் என்கிறார்களே?

நான் அன்னாவை ரஷ்ய மொழியில் படிக்கவில்லை. காதுகள் வந்து சேர்ந்துவிட்டன.

படித்ததெல்லாம் மறந்துபோகிறது. என்ன செய்வது?

கதையை மறந்தால் நல்லதுதான், திரும்பப் படிக்கலாம்.

நூறு பக்கத்தோடு நிறுத்தியவன்தான் மறுபடியும் கேட்கிறேன். முதலிலிருந்து தொடங்க வேண்டுமா?

வேண்டாம், விட்ட இடத்திலிருந்தே போகலாம். காதுகள் முதல் பாகத்தின் முப்பதாம் அத்தியாயத்தில் இருக்கின்றன. ஒன்று மட்டும்: மூன்றாம் பாகத்தில் பண்ணையார் லெவின் குடியானவர்களோடு சேர்ந்து புல் அறுக்கும் இடம் வரும். முதல் வாசிப்பில், கதை நகரவில்லை என்று நான் அதைத் தாண்டிவிட்டேன். பத்து ஆண்டு கழித்துத்தான் திரும்பிப் போய்ப் படித்தேன். நீங்கள் தாண்டிவிடாதீர்கள்.