நரிக்கும் முயலுக்கும் 6-24×50 ஸ்கோப் வாங்கலாமா?

கேள்வி கேட்டவர் அவுஸ்திரேலியாவின் விக்டோரியாவில் ஆட்டுப் பண்ணை வைத்திருக்கிறார். நரியும் முயலும் சுடுவதற்கு .223 அளவுத் தோட்டா போடும் போல்ட் அக்ஷன் துவக்கு (ஒவ்வொரு தோட்டாவையும் கையால் போல்ட்டை இழுத்து ஏற்றுவது) எடுத்திருக்கிறார். துவக்கின் மேல் பூட்டிக் குறிபார்க்கக் கடையில் 6-24×50 ஸ்கோப்பைக் காட்டுகிறார்களாம் (6 முதல் 24 மடங்கு வரை பெரிதாக்கும், முன் கண்ணாடி 50 மில்லிமீற்றர்), வாங்கலாமா என்று கேட்கிறார்.

வாங்க வேண்டாம். நான் வாங்கினேன், அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

உங்கள் நிலைமையை ஓரளவு ஊகிக்க முடிகிறது. லைசன்ஸ் புதிது. முதல் துவக்குக்கான 28 நாள் காத்திருப்பு முடிந்து இப்போதுதான் கைக்கு வந்திருக்கும். ஆடுகள் குட்டி ஈனும் காலம் நெருங்குகிறது. கடைக்காரர் பெரிய எண்ணைச் சொன்னதும் அதுதான் சிறந்தது என்று மனம் சொல்லியிருக்கும். எனக்கும் அப்படித்தான் சொன்னது.

நான் கோலாக் பக்கம் முப்பது ஏக்கரில் நாற்பது மறியாடுகள் வைத்திருக்கிறேன். பகலில் பால் தொழிற்சாலையில் வேலை. பிறந்து வளர்ந்தது வன்னியில். அங்கே நாங்கள் நரி என்று சொன்னது வேறு விலங்கு; இங்கே இருப்பது ஐரோப்பாவிலிருந்து கொண்டுவந்து விட்ட செந்நரி. இரவில் வந்து, பிறந்த ஈரம் காயாத குட்டியைத் தூக்கிக்கொண்டு போகும்.

முதல் குளிர்காலம் அது. ஜூலை மாதம், மாலை ஐந்தரை மணி, சூரியன் விழுந்து கொஞ்ச நேரம். ஒரு மறி வேலியோரம் இரட்டைக் குட்டி ஈன்றிருந்தது. இரண்டாவது குட்டி இன்னும் எழுந்து நிற்கவில்லை. வேலிக் கம்பியை ஒட்டியபடி நரி வந்தது. எனக்கும் அதற்கும் நாற்பது மீற்றர் இருக்கும். துவக்கை எடுத்து ஸ்கோப்பில் கண்ணை வைத்தேன். புல் மட்டும் தெரிந்தது.

மதியம் 200 மீற்றரில் கடதாசி இலக்கு சுட்டுப் பழகியபோது இருபது மடங்கில் வைத்ததை அப்படியே விட்டிருந்தேன். இருபது மடங்கில் நாற்பது மீற்றர் தூரத்தில் தெரியும் வட்டம் முக்கால் மீற்றர் அகலம்கூட இல்லை. அந்தச் சிறிய வட்டத்தை வேலி நெடுக நகர்த்தி நகர்த்தி நரியைத் தேடினேன். பிறகு ஆறு மடங்குக்குத் திருப்பினேன். அப்போதும் படம் கலங்கலாகவே இருந்தது, ஏனென்றால் தூரத்துக்கேற்பப் படத்தைத் தெளிவாக்கப் பக்கவாட்டில் இருக்கும் குமிழ் இன்னும் 200 மீற்றரில் நின்றது. அதையும் திருப்பி முடித்துப் பார்த்தபோது நரி இல்லை, இரண்டாவது குட்டியும் இல்லை. தாயாடு நிலத்தைக் கால்களால் உதைத்துக்கொண்டு நின்றது.

“மடங்கைக் குறைத்து வைத்திருக்க வேண்டியதுதானே, ஸ்கோப்பில் என்ன பிழை?” என்று இதற்குக் கீழே யாராவது எழுதுவார்கள். சரிதான், குறைத்து வைத்திருக்க வேண்டும். இப்போது குறைத்துத்தான் வைக்கிறேன். ஆனால் அந்த ஸ்கோப்பில் அதிகம் குறைத்தாலும் ஆறுதான். 100 மீற்றரில் ஆறு மடங்கு காட்டும் அகலம் ஐந்தரை மீற்றர் அளவில் வரும். மூன்று மடங்கு அதைப்போல் இரட்டிப்பாகக் காட்டும். நரி நின்று நிதானித்துக் காட்சி கொடுக்கும் விலங்கு அல்ல. ஓடுகிறது, நிற்கிறது, மீண்டும் ஓடுகிறது.

அடுத்த மாதம் நடந்தது இதைவிட மோசம். மேட்டில் ஒரு நரி, ஏறக்குறைய 230 மீற்றர். இந்த முறை நேரம் இருந்தது. ஸ்கோப்பை 24 வரை ஏற்றினேன். அந்த மடங்கில் என் மூச்சும் நாடித் துடிப்பும் எல்லாம் குறுக்குக் கோட்டில் தெரிந்தன. கோடு நரியின் மேல் ஆடிக்கொண்டே இருந்தது. பொறுமை இழந்து விசையை அழுத்தினேன். துவக்கு உதைத்ததும் படம் கண்ணிலிருந்து போய்விட்டது. நரி எந்தப் பக்கம் போனது என்றே தெரியவில்லை. 1996இல் தஸ்மேனியாவில் நடந்த போர்ட் ஆர்தர் துப்பாக்கிச் சூட்டுப் படுகொலைக்குப் பிறகு வந்த சட்டத்தால் எங்களைப் போன்றவர்கள் கையில் அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும் அரைத் தானியங்கி .223 துவக்கு கிடையாது, அது சரியான சட்டம் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் போல்ட்டை இழுத்து அடுத்த தோட்டாவை ஏற்றி முடிக்கும்வரை விலங்கைக் கண்ணுக்குள் வைத்திருக்க வேண்டும் என்றால் வட்டம் அகலமாக இருக்க வேண்டும்.

இரண்டு நாள் கழித்து சைப்பிரஸ் மரவேலியின் கீழே அதைக் கண்டேன். வயிற்றில் பட்டிருந்தது. உடனே சாகவில்லை என்பது அது கிடந்த இடத்தின் மண்ணைப் பார்த்தாலே தெரிந்தது. குட்டி போனதைவிட இது என்னை நெடுநாள் வருத்தியது. நரியைக் கொல்ல எனக்குச் சட்டத்தில் இடம் இருக்கிறது. சித்திரவதை செய்ய இடம் இல்லை.

பக்கத்துப் பண்ணைக் கிழவர் ஒருவர்தான் எனக்கு விளங்கவைத்தார். ஐம்பது வருடமாக நரி சுடுகிறவர். என் ஸ்கோப்பை ஒரு முறை பார்த்துவிட்டு, கீழே உள்ள எண் என்ன என்று மட்டும் கேட்டார். ஆறு என்றேன். தன் பழைய 3-9×40ஐக் கையில் தந்து, மாலை இருட்டில் வேலியோரம் நிற்கும் ஆட்டைப் பார்க்கச் சொன்னார். ஒன்பதில் வைத்தும் ஆட்டின் காது தெரிந்தது. என்னுடையதை 24இல் வைத்துப் பார்த்தால் சாம்பல் நிறம் மட்டுமே.

இதற்குக் கணக்கு இருக்கிறது. முன் கண்ணாடியின் விட்டத்தை மடங்கால் வகுத்தால் கண்ணுக்கு வந்து சேரும் ஒளிக் கற்றையின் தடிப்பு கிடைக்கும். 50ஐ 24ஆல் வகுத்தால் 2.1 மில்லிமீற்றர். 40ஐ 9ஆல் வகுத்தால் 4.4. இருட்டில் நம் கண்மணி ஐந்து, ஆறு மில்லிமீற்றர் வரை விரியும். இரண்டு மில்லிமீற்றர் ஒளியை அதற்குள் விட்டால் மீதி இடம் வெறுமையாகவே கிடக்கும். அதே 6-24ஐ ஆறில் வைத்தால் வெளிச்சம் தாராளமாக இருக்கும் என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். ஆனால் ஆறிலேயே வைத்திருக்கப்போகிறீர்கள் என்றால் 24க்கு ஏன் காசு கொடுக்க வேண்டும்? 30 மில்லிமீற்றர் குழாய் என்றால் வெளிச்சம் கூடும் என்று சொல்வார்கள், நம்பாதீர்கள். அது குறியைத் திருத்துவதற்கு இடம் தருகிறது, அவ்வளவுதான். ஜனவரி வெயிலிலும் பெரிய மடங்கால் பலனில்லை. நிலத்திலிருந்து எழும் கானல் முழுப் படத்தையும் கொதிக்க வைத்துவிடும்.

முயலுக்குச் சிறிய தோட்டா போடும் .22 துவக்கு வைத்திருந்தால் அதற்கு வேறு ஸ்கோப் வேண்டும். பெரிய துவக்குக்கான சாதாரண ஸ்கோப்புகள், படமும் குறுக்குக் கோடும் ஏறத்தாழ 100 மீற்றரில் பொருந்தும்படி சரிசெய்யப்பட்டு வருகின்றன. முயல் நிற்பது 30, 50 மீற்றரில். அங்கே கண் சற்று ஓரமாகப் போனாலே குறி ஒரு சென்ரிமீற்றர் அளவுக்குத் தவறலாம். முயலின் தலைக்கு அது பெரிய தவறு. .22க்கென்று 50 மீற்றர் அளவுக்குச் சரிசெய்து விற்கும் ஸ்கோப்புகள் இருக்கின்றன, அதை எடுங்கள்.

திறந்த வெளியில் தரையில் படுத்து, தாங்கி வைத்து, 300 மீற்றருக்கு அப்பால் முயல் சுடுகிறவர்களுக்கு 6-24 பொருத்தமான சாமான்தான். அவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. வெப்பக் காட்சி ஸ்கோப் வாங்கினால் இந்தப் பேச்சே தேவையில்லை என்பவர்களும் வருவார்கள். அதன் விலையில் நான் பத்து மறியாடுகள் வாங்குவேன்.

நான் இப்போது வைத்திருப்பது லியூபோல்ட் 3.5-10×40. நிறுவனம் எனக்கு எதுவும் தரவில்லை, 3-9×40இல் நல்ல கண்ணாடி உள்ள எதுவும் போதும். ஓரத்தில் தடித்து நடுவில் மெலியும் சாதாரணக் குறுக்குக் கோடு போதும். இருட்டில் தடித்த கோடுதான் கண்ணுக்குப் படும். .223ஐ 200 மீற்றரில் சரிபார்த்து வைத்தால் 100 மீற்றரில் நான்கைந்து சென்ரிமீற்றர் மேலே படும். நரியின் நெஞ்சு பத்து சென்ரிமீற்றர் அகலம், அதனால் 200 வரை எந்தக் குமிழையும் திருப்பத் தேவையில்லை. அதற்கு அப்பால் நான் இப்போது சுடுவதில்லை.

இன்னொன்று. அசைவது என்ன என்று பார்க்க ஸ்கோப்பைத் தூக்காதீர்கள். கழுத்தில் ஒரு பைனாகுலர் தொங்க வேண்டும். ஸ்கோப்பில் பார்ப்பது என்றால் துவக்கின் வாய் அந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று பொருள். அது பக்கத்து வீட்டுப் பிள்ளையாக இருக்கலாம். துவக்கின் வாய் என் பக்கம் திரும்பியிருந்த நாட்களை நான் அறிவேன்.

அதனால்தான் சொந்தக்காரர் என்னைத் திட்டும்போது எனக்குத் தாங்கமுடிவதில்லை. “துவக்குக்குப் பயந்து ஓடி வந்தவன், அங்கே போய்த் துவக்குத் தூக்குகிறானாம்” என்று பெரியம்மா ரொறன்ரோவிலிருந்து சொல்லி அழுதார். அவரிடம் 1859இன் கதையைச் சொன்னேன். தோமஸ் ஒஸ்ரின் என்ற பணக்காரர் என் வீட்டிலிருந்து அதிக தூரமில்லாத பார்வன் பார்க்கில் வேட்டை விளையாட்டுக்காக இரண்டு டசின் முயல்களை விட்டார், நாடே அரிக்கப்பட்டது. நரியும் அப்படி வந்ததுதான். இங்கே பிறந்த சிறு விலங்குகள் எத்தனையோ அவற்றால் அழிந்தன. இரண்டையும் கட்டுப்படுத்துவது நில உரிமையாளன் என்ற வகையில் எனக்குச் சட்டம் விதித்த கடமை. பெரியம்மா கேட்டுவிட்டு, “சரி, பிள்ளை, கவனம்” என்றார். அவர் அன்பால் பேசினார், கோபமில்லை.

கோபம் மெல்பேர்னிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் வருகிறவர்கள் மேல். விருந்துக்குக் கிடாய் வேண்டும், சொந்தக்காரன் விலைக்கு வேண்டும், துவக்கோடு ஒரு படம் வேண்டும். படத்துக்குத் துவக்கு தரமாட்டேன் என்றால் முகம் கோணுகிறது. போகும்போது கேற்றைத் திறந்தபடி விட்டுப் போகிறார்கள். ஒரு முறை கிடாய் மறிகளோடு கலந்து, எட்டு மறிகள் புல் இல்லாத மார்ச் மாதத்தில் குட்டி ஈன்றன. மூன்று குட்டிகளை என்னால் காப்பாற்ற முடியவில்லை. திறந்திருந்த கேற்றை மூடுவதற்கு என்ன படிப்பு வேண்டும்? கேள்விக்குச் சம்பந்தமில்லாதது என்று தெரியும், இருந்தாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

கடைசியாக, காசு மிச்சம் பிடிக்கக் கூடாத இடம் ஸ்கோப்பைத் துவக்கோடு பிணைக்கும் வளையங்களும் அடித்தளமும். என் நண்பர் ஒருவர் குறி தவறுகிறது என்று இரண்டு பெட்டி தோட்டாவைச் செலவழித்தார். அடித்தளத்தின் ஒரு திருகாணி தளர்ந்திருந்தது. முறுக்கை அளந்து காட்டும் திருப்புளி ஒன்று வாங்குங்கள். இருபது தோட்டா சுட்ட பிறகு எல்லாத் திருகாணிகளையும் மறுபடி பாருங்கள். வெளியே போகுமுன் மடங்கை மூன்றுக்கு இறக்கி வையுங்கள். நரி தூரத்தில் நின்றால் ஏற்றிக்கொள்ள நேரம் கிடைக்கும்.